கோடு போட்டு அடித்த வெள்ளிக்கிழமைகள்

வேலூரில் ஒரு கல்லூரி இருந்தது. பெயரைச் சொன்னால் அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆகவே வேண்டாம். அந்தக் கல்லூரியின் வேதியியல் துறையில் பதினோரு பேர் பாடம் நடத்தினார்கள். நன்றாகவே நடத்தினார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் தேறினார்கள். ஆனால் துறை தொடங்கிய நாள் முதல் 1975 வரைக்கும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி அதை அச்சில் பார்த்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. கல்யாண வீட்டில் சமைக்கிறவரிடம் போய், நீ ஏன் நாதஸ்வரம் வாசிக்கவில்லை என்று யார் கேட்கப் போகிறார்கள்?

குறையாக நினைத்த ஒரே ஆள் இன்பம். அணைக்கட்டுப் பக்கத்து மிஷன் பள்ளி வாத்தியாரின் மகள். சென்னையில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு அந்தக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தவள். கணவன் ஜேக்கப் ஒரு மருத்துவமனையின் ஆபீஸில் டைப்பிஸ்ட். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் அறுபது பிராக்டிகல் நோட்டு, ஏப்ரல் வந்தால் கட்டுக் கட்டாக விடைத்தாள். இவ்வளவுக்கும் நடுவில் அவளுக்கு ஓர் ஆசை: யாரும் இதுவரை பார்க்காத ஒன்றைத் தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் துறையில் பஞ்சமில்லை.

முதலில் கேட்டவர் துறைத் தலைவர் சுப்பராயன். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றுவலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"மிசஸ் ஜேக்கப், ரிசர்ச்செல்லாம் மெட்ராஸ்ல பண்ணுவாங்க, பெங்களூர்ல பண்ணுவாங்க. நாம பசங்களைப் பாஸ் பண்ண வெக்கணும். அதுவே பெரிய ரிசர்ச்சு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். கல்லூரி நூலகத்துக்கு வந்தது ஒரே ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை. அதுவும் கப்பலில் ஏறி எட்டு மாதம் கழித்து வரும். வந்ததும் நூலகர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். வெளியே எடுத்தால் கிழிந்துவிடுமாம்.

இன்பம் கேட்கவில்லை. 1975இல் சென்னைப் பேராசிரியர் ஆதிகேசவனிடம் பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிவு செய்துகொண்டாள். ஏழு வருடம் தவணை. 1982 ஜூன் முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதோடு ஆதிகேசவன் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையும் போட்டார்: நல்ல பத்திரிகை ஒன்று அவள் கட்டுரை ஒன்றையாவது ஏற்றுக்கொண்டால்தான் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார்.

"ஏழு வருஷத்துக்கு ஒரு கட்டுரை. முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"முடியும் சார்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு வயது முப்பத்திரண்டு. எல்லாம் முடியும் என்று தோன்றுகிற வயது.

எதை ஆராய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள் தோலை விட்டுவிட்டு வேறு எதைத் தொடுவாள்? ஆட்டுத் தோலைப் பெரிய மரப் பீப்பாய்க்குள் போட்டு, குரோம் உப்புக் கரைசலை ஊற்றிச் சுழற்றுவார்கள். அந்தப் பீப்பாய்க்கு டிரம் என்று பெயர். மதியத்தை ஒட்டி சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் குரோம் தோலில் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் மிஞ்சியது பச்சைத் தண்ணீராகச் சாக்கடைக்குப் போகும். அந்த மிச்சத்தைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் அவள் ஆய்வு. ஆம்பூரில் இஷ்தியாக் அகமது என்பவரின் தோல் பதனிடும் டேனரி தன் சிறிய டிரம் ஒன்றின் மிச்சத் தண்ணீரை அவளுக்கு எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டது. டிரம் மேஸ்திரி முனீர் அகமது. ஐம்பதை நெருங்கிய ஆள். கைவிரல் நகமெல்லாம் பச்சை.

கல்லூரி டைம்டேபிளில் அவளுக்கு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இல்லை; சனிக்கிழமை விடுமுறை; ஞாயிறு கோயில். ஆகவே வெள்ளியும் சனியும் ஆம்பூர். வெள்ளி மதியம் பஸ் பிடித்து, பள்ளிகொண்டா தாண்டி, மாதனூர் தாண்டி, நாலு மணிக்குப் போய்ச் சேருவாள். அப்போதுதான் டிரம்மைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை அதே வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை தான் தாமதமாக வருவதால் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று இன்பம் நினைத்துக்கொண்டாள். மனசு குறுகுறுத்தது. வாராவாரம் முனீருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு போவாள்.

"எனக்காக லேட் பண்ணிட்டீங்க பாய், மன்னிச்சுக்கங்க."

"பரவால்லம்மா" என்பார் முனீர், பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு.

கரைசலோடு சேர்க்க அவள் ஒரு புது உப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பொட்டலம் கட்டி முந்தின வாரமே முனீரிடம் கொடுத்துவிடுவாள்; வெள்ளிக்கிழமை காலையில் அவர் அதைக் கரைசலில் சேர்ப்பார்; சனிக்கிழமை சேர்க்காமல் பார்த்தாள். சேர்க்காத நாளில் லிட்டருக்கு மூன்று கிராம் குரோம் மிச்சம். சேர்த்த நாளில் இரண்டுக்கும் கீழே! எட்டு வாரம் தொடர்ந்து இதே கதை. இன்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா வரவழைத்துத் துறை முழுக்கக் கொடுத்தாள். சுப்பராயன்கூட இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஆதிகேசவன் மக்கன்பேடாவுக்கு மயங்கவில்லை. "நாளை மாத்திப் போட்டுப் பாருங்க. சனிக்கிழமை உப்பு, வெள்ளிக்கிழமை வெறும் கரைசல்" என்றார்.

மாற்றிப் போட்டாள். உப்புப் போட்ட சனிக்கிழமை மூன்று கிராம். ஒன்றுமே போடாத வெள்ளிக்கிழமை இரண்டுக்குக் கீழே. அவளுடைய உப்பு சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது என்று ஆகிவிட்டது. தின்ற மக்கன்பேடாவைத் திரும்ப வாங்க முடியுமா? ஆசிரியர் அறையில் அடுத்த இரண்டு வருடத்துக்கு, "இன்னா மேடம், அடுத்த ஸ்வீட்டு எப்ப?" என்பதுதான் பேச்சு. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் நின்றாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஏன் இப்படி? அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். பாட்டில்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். கரைசல்களைப் புதிதாகத் தயாரித்தாள். தராசைப் பழுது பார்க்க அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மட்டும் அடங்க மறுத்தது. கடைசியில், 1978இல், ஆதிகேசவன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில பாடம் நடத்திட்டு, பஸ்ல நின்னுக்கிட்டே போயி, களைச்சுப்போய் வேலை பார்க்கறீங்க. கை தப்புது. அந்த எண்களையெல்லாம் தள்ளிடுங்க. சனிக்கிழமையை மட்டும் வெச்சுக்கங்க."

வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆய்வக நோட்டில் தப்பான எண்ணை ரப்பரால் அழிக்கக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. நடுவில் ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளிடம் இதற்காகத் தொண்டை வற்றக் கத்துகிறவள் இன்பம். சிவப்பு மையால் ஸ்கேல் வைத்து, அறுபத்தொரு வெள்ளிக்கிழமைகளையும் தானே கோடு போட்டு அடித்தாள். ஒவ்வொரு கோடும் தன் கைக்குத் தானே போட்டுக்கொண்ட சூடு. மிஞ்சிய சனிக்கிழமைகளில் உப்பைப் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. கட்டுரை எழுத அதில் என்ன இருக்கிறது?

இப்படியே இன்னும் இரண்டு வருடம். உப்பை மாற்றினாள், அளவை மாற்றினாள், எதுவும் அசையவில்லை. தவணையில் பாதிக்கு மேல் தீர்ந்தது. விட்டுவிடலாமா என்று ஜேக்கப்பிடம் கேட்டாள்.

"விட்டுட்டா நீ சும்மா இருப்பியா?" என்றான் அவன்.

"இருக்க மாட்டேன்."

"அப்ப ஏன் கேக்கறே? போய்ட்டு வா."

1980 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கல்லூரி வாசலில் மாணவர்கள் ஸ்டிரைக் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எதற்காக என்பது அவர்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. வகுப்பு இல்லை என்றதும் இன்பம், சனிக்கிழமைக்கான பாட்டில்களை முன்கூட்டியே வைத்துவிட்டு வரலாம் என்று நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பதினொன்றரைக்கெல்லாம் ஆம்பூர் டேனரிக்குள் இருந்தாள். ஐந்து வருடத்தில் வெள்ளிக்கிழமை காலையில் அவள் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

டிரம் சுழன்றுகொண்டிருந்தது. முனீர் பக்கெட்டில் கரைத்து வைத்திருந்த சோடாவில் பாதியை டிரம்மின் நடு அச்சில் இருக்கும் குழாய் வழியாக உள்ளே ஊற்றினார். பன்னிரண்டேகாலுக்கு விசையை இறக்கினார். டிரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அடுத்த டிரம்மும் நின்றது. ஆட்கள் குழாயடியில் கை கால் கழுவப் போனார்கள்.

"இன்னா பாய், டிரம்மை நிறுத்திட்டீங்க? கரண்ட் போச்சா?"

"கரண்டு இருக்குதும்மா. இன்னிக்கி ஜும்மா இல்ல? தொழுதுட்டு வந்து, சோறு துன்னுட்டு, மிச்சம் சோடா போட்டு ஓட்டுவோம். ரெண்டு மணி ஆய்டும்."

இன்பம் அவரையே பார்த்தாள். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா?"

"எங்க அப்பா காலத்துலர்ந்து இப்படித்தான். இன்னா டீச்சரம்மா இது? வேலூர்ல வெள்ளிக்கிழமை வர்றதில்லியா?"

"அப்ப... நீங்க லேட்டா முடிக்கிறது எனக்காக இல்லியா?"

முனீருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்காகவா? நீங்கதான் வாராவாரம் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லி பிஸ்கோத்து குடுத்தீங்க. எதுக்குன்னு எனக்குப் புரியல. பெரிய படிப்பு படிச்சவங்க, நாம ஏன் வாய் குடுக்கணும்னு வாங்கிக்கினேன்."

பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். இன்பம் நின்றுபோன டிரம்முக்கு எதிரே ஒரு உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே பாதி சோடாவோடு தோல் ஊறிக்கொண்டிருந்தது. குரோம் அவசரமில்லாமல், யாரும் துரத்தாமல், தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். சனிக்கிழமை இந்த ஓய்வு அதற்கு இல்லை. சோடாவை அடுத்தடுத்துக் கொட்டி விரட்டுகிறார்கள். அவளுடைய கை தப்பவில்லை. அறுபத்தொரு தடவையும் தப்பவில்லை!

வேலூர்க்காரிக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று தெரியாதா? பக்கத்து வீட்டு சகீனா வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி கொடுத்தனுப்புவதைத் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் டேனரிக்குள் நுழைந்ததும் அவள் வேதியியல் ஆகிவிடுவாள். உப்பைத் தெரியும், அமிலத்தைத் தெரியும், கிழமை தெரியாது. ஐந்து வருடத்தில் ஒரு தடவை, "பாய், காலையிலேர்ந்து இன்னா பண்ணீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தன்னை நினைத்தே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறி ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே எண்கள் பத்திரமாக இருந்தன. ஒன்று புள்ளி எட்டு. ஒன்று புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி ஏழு. ஆளில்லாத கொட்டகையில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

இனி நிரூபிக்க வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான். வெள்ளி அல்லாத ஒரு நாளில் டிரம்மை நிறுத்த வேண்டும்; சனிக்கிழமை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்ததால் அது செவ்வாயாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். முதலாளி இஷ்தியாக் அகமதுவின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை ஜும்மா வெக்கணும்னு சொல்றீங்களா மேடம்?"

"ஜும்மா வேணாம் சார். ஒரு டிரம்மை ஒண்ணே முக்கால் மணி நேரம் நிறுத்தினா போதும்."

"தோல் கெட்டுப்போச்சுன்னா?"

வாசலில் நின்ற முனீர் குறுக்கே பேசினார். "முதலாளி, வெள்ளிக்கிழமை சரக்கு எப்பவாவது கெட்டிருக்குதா? தரம் பிரிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. வெள்ளிக்கிழமை தோல் ஒரு பிடி நல்லாத்தான் இருக்குதும்பாங்க."

முதலாளி யோசித்தார். "சின்ன டிரம் மட்டும். ஆறு வாரம். அதுக்கு மேல கேக்கக் கூடாது" என்றார். வெள்ளிக்கிழமை ஓட்டுவதற்கு மட்டும் ஒரு சிக்கல். அந்த நேரத்தில் டிரம்முக்குப் பொறுப்பாக நிற்க மேஸ்திரி இருக்க மாட்டார். "நானே நிக்கிறேன்" என்றாள் இன்பம். சோடா எப்படிக் கரைப்பது, எந்த வேகத்தில் ஊற்றுவது என்று முனீர் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். கை வேகமாகப் போனால் அதட்டவும் அதட்டினார்.

செவ்வாய்க்கிழமைகளுக்கும் வெள்ளிக்கிழமைக் காலைகளுக்கும் தன் கேஷுவல் லீவைக் கேட்டு இன்பம் சுப்பராயனிடம் போய் நின்றாள். அவர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார்.

"கல்யாணத்துக்கு லீவு எடுப்பாங்க. காய்ச்சலுக்கு எடுப்பாங்க. டிரம்மை நிறுத்தறதுக்கு லீவு கேக்கறது என் சர்வீஸ்ல இதுதான் முதல் கேஸு" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆறு செவ்வாய்க்கிழமை டிரம் நின்றது. ஆறு வெள்ளிக்கிழமை, எல்லோரும் தொழுகைக்குப் போன பிறகு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல்பட்டியிலிருந்து வேலைக்கு வரும், தொழுகைக்குப் போகாத இரண்டு ஆட்கள் பக்கெட்டைத் தூக்கிக் கொடுக்க, விரிவுரையாளர் இன்பம் சோடா ஊற்றினாள். கை வெந்தது. ரவிக்கையெல்லாம் பச்சைப் புள்ளி. செவ்வாய்க்கிழமை மிச்சம் ஒன்று புள்ளி எட்டு. ஓய்வில்லாத வெள்ளிக்கிழமை மிச்சம் மூன்று புள்ளி ஒன்று. ஆறு தடவையும் அப்படியே. கிழமை தலைகீழாகத் திரும்பி நின்று அவளுக்குச் சாட்சி சொன்னது.

ஆதிகேசவன் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு, "நான் தள்ளச் சொன்னேன். தப்பு என்னோடது" என்றார். பேராசிரியர்கள் இப்படிச் சொல்வதை இன்பம் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்ததும் அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்காகத் தொழிலாளர்கள் டிரம்மை நிறுத்துவது வழக்கம், அந்த இடைவெளியே இந்த ஆய்வுக்குத் தொடக்கம் என்று எழுதியிருந்தாள்.

"இதை எடுத்துடுங்க. நூற்றைந்து நிமிஷம் இடைவெளின்னு நாமே தேர்ந்தெடுத்ததா எழுதுங்க. தொழுகை அது இதுன்னு எழுதினா இங்கிலாந்துக்காரன் சிரிப்பான். தூக்கிப் போட்டுடுவான். இன்னொரு பத்திரிகைக்கு அனுப்ப உங்களுக்கு டைம் இல்லை."

"நாம தேர்ந்தெடுக்கலையே சார். அவங்க நிறுத்தினாங்க. நான் பார்த்தேன், அதுவும் அஞ்சு வருஷம் கழிச்சு."

"தவணை போனா போனதுதான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனால் அந்த வரியை எடுத்தால் அறுபத்தொரு வெள்ளிக்கிழமையை மறுபடி ஒரு தடவை கோடு போட்டு அடித்தது போல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஜேக்கப் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்து வந்து கட்டுரையைத் தட்டெழுத்தில் அடித்தான். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த வரி இருந்தது. கடைசியில் நன்றி என்ற இடத்தில் முனீர் அகமது என்ற பெயரும் இருந்தது. 1981 பிப்ரவரியில் கட்டுரை ஏர் மெயிலில் இங்கிலாந்துக்குப் போனது.

ஒன்பது மாதம் மூச்சுப் பேச்சில்லை. நவம்பரில் கடிதம் வந்தது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. கட்டுரையைச் சோதித்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தொழுகை நாளில் வேலை நேரம் குறைவு என்பதால் டிரம்மில் தோலைக் குறைவாகப் போட்டிருப்பார்களோ? தோலுக்குத் தக்கபடிதான் குரோமும் போடுவார்கள்; இரண்டும் குறைந்தால் கணக்கே மாறிவிடும். அறுபத்தொரு வெள்ளிக்கிழமையும் எவ்வளவு எடை போட்டார்கள் என்ற விவரம் வேண்டும்.

பழைய எடை விவரத்துக்கு எங்கே போவாள்? கலங்கிப்போய் முனீரிடம் சொன்னாள். அவர் நிதானமாக எழுந்து போய், அழுக்கேறிய காலிகோ அட்டை நோட்டுகள் நாலைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டிரம்மிலும் எத்தனை கிலோ என்று உருதுவில் எழுதி வைத்திருந்தார்.

"எங்க அப்பா எழுதுவாரு. நானும் எழுதறேன். யாரும் கேட்டதில்ல" என்றார்.

இரண்டு சனிக்கிழமை அவர் படிக்கப் படிக்க அவள் எழுதினாள். எந்தக் கல்லூரியும் கேட்காத, எந்த நூலகமும் பூட்டி வைக்காத நோட்டு. வெள்ளிக்கும் சனிக்கும் எடையில் ஒரு துளி வித்தியாசம் இல்லை. 1982 ஜனவரியில் பதிலை அனுப்பினாள்.

பிப்ரவரி போனது. மார்ச் போனது. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தினாள். மே மாதம் கல்லூரியைப் பூட்டினார்கள். ஆய்வேடு மட்டும் பைண்டு செய்யப்பட்டு, கையெழுத்து இல்லாமல், பீரோவுக்கு மேல் கிடந்தது. ஜூன் பிறந்தது. பத்து. பதினைந்து. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அவள் வாசலுக்கு ஓடினாள். பதினெட்டாம் தேதி ஜேக்கப்பிடம், "போச்சுங்க" என்றாள். அவன் ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

மறுநாள் மதியம், ரோட்டில் காக்கைகூட இல்லாத வேலூர் வெயிலில், சைக்கிளை மிதித்துக்கொண்டு சுப்பராயன் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கையில் நீல நிற ஏர் மெயில் உறை.

"மிசஸ் ஜேக்கப், இது மே மாசமே காலேஜுக்கு வந்திருக்கு. வாட்ச்மேன் வாங்கி என் பெட்டியில போட்டுட்டுப் பூட்டிட்டான். இன்னிக்கி அட்மிஷன் வேலையா வந்தேன், பார்த்தேன்." உறை கிழிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "மனசு கேக்கல. பிரிச்சுப் படிச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

இன்பம் உறையை வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே சொல்லிடுங்க சார்" என்றாள்.

"எடுத்துக்கிட்டாங்கம்மா. ஒரு எழுத்துகூட மாத்தலியாம்." வயிற்றுவலி முகம் எங்கேயோ போய்விட்டது. "நம்ம டிபார்ட்மென்ட் பேரு அச்சுல வருது. பதினேழு வருஷமா நான் தலைவரா இருக்கேன்... நான் ஒரு வரி எழுதினதில்ல." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு நாளில் ஆதிகேசவன் கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டாம் தேதி ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. தவணைக்கு இரண்டு நாள் மிச்சம்.

வாய்மொழித் தேர்வு 1983 ஜனவரியில் ஒரு புதன்கிழமை சென்னையில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பொல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். இரண்டு மணி நேரம் அவளைக் குடைந்தார். கடைசியில் அந்தத் தொழுகை வரியை உரக்கப் படித்தார். ஆதிகேசவன் நாற்காலியில் நெளிந்தார்.

"நூற்றைந்து நிமிடம் என்பது யார் மூளையிலும் உதிக்காத எண். இந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்த எண்ணை நம்பியிருக்க மாட்டேன். இது இருப்பதால்தான் மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்" என்றார். எழுந்து கை கொடுத்தார். "டாக்டர் இன்பம்" என்றார்.

மதிய ரயிலில் ஏறினாள். வேலூருக்குப் போகக் காட்பாடியில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஆம்பூரில் இறங்கி, பட்டுப்புடவையோடு, டேனரி வாசலுக்குள் அரை ஓட்டமாக நுழைந்தாள். சாயங்காலம் ஐந்து மணி. ஐந்து டிரம்மும் இடி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. முனீர் தூரத்தில் நின்றார்.

"பாய்! பாஸ் பண்ணிட்டேன்!"

"இன்னாம்மா?" என்று காதில் கையை வைத்தார்.

"முடிஞ்சிடுச்சு பாய்! குடுத்துட்டாங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் விசையை இறக்கினார். ஒன்றை இறக்கினார், அடுத்ததை இறக்கினார், ஐந்தையும் இறக்கினார். டிரம்கள் ஒவ்வொன்றாக மெதுவாகி நின்றன. கொட்டகை முழுக்க நிசப்தம். ஆட்கள் போட்டதைப் போட்டபடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இப்ப சொல்லுங்கம்மா" என்றார் முனீர்.

கத்த வேண்டிய அவசியம் இனி இல்லை. சின்னக் குரலில் சொன்னாள். "டாக்டர் பட்டம் குடுத்துட்டாங்க பாய்."

ஆபீஸ் கதவு படாரென்று திறந்தது. முதலாளி வெளியே ஓடிவந்தார். "எவன்டா டிரம்மை நிறுத்தினது? கரண்ட் இருக்குது! இன்னிக்கி புதன்கிழமைடா!"

"நான்தான் நிறுத்தினேன் முதலாளி" என்றார் முனீர். "டீச்சரம்மா டாக்டர் ஆய்ட்டாங்க."

இஷ்தியாக் அகமது நின்ற ஐந்து டிரம்மையும் பார்த்தார். பட்டுப்புடவையில் அழுதுகொண்டு நின்றவளையும் பார்த்தார். பிறகு ஒரு மூட்டையைக் காட்டி, "உக்காருங்க டாக்டர்" என்றார். "டேய், எல்லாருக்கும் டீ சொல்லுங்கடா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் எவனும் விசையைத் தொடக் கூடாது."